கிளாஸுக்குத் தாயத்துக் கட்டும் முறை

ஒரே மாதிரி நாலு வரியை மூன்று இடத்தில் பார்த்துவிட்டீர்கள். கை துறுதுறுக்கிறது. சி ஷார்ப்பில் சொந்தமாக ஒரு அட்ரிப்யூட் செய்து, கிளாஸின் தலைக்கு மேல் சதுர அடைப்புக்குறிக்குள் கட்டிவிட்டால், கம்பைல் ஆகும்போதே மீதி நிரல் தானாக முளைத்துவிடும் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். படித்தது சரிதான். இனி அதை ஊரே கெட்டுப்போகும் அளவுக்குச் செய்வது எப்படி என்று பார்ப்போம். பாதி வழி நீங்களே வந்திருப்பீர்கள்; மீதிக்கு நான் இருக்கிறேன்.

முதலில் கொஞ்சம் சாஸ்திரம். அட்ரிப்யூட் என்பது 2002-இல் சி ஷார்ப் வெளிவந்த நாளிலிருந்தே இருக்கிறது. அது தன்னால் எதையும் செய்யாது. கையில் கட்டிய தாயத்து மாதிரி சும்மா தொங்கும். யாராவது அதைப் பார்த்து, அதற்குத் தக்கபடி நடந்துகொண்டால்தான் பலன். வெகுகாலம் நிரல் ஓடும்போது ரிஃப்ளெக்‌ஷன் வழியாகத்தான் அந்தப் பார்வை நடந்தது. 2020 நவம்பரில் டாட்நெட் 5 வந்தபோது மந்திரவாதி கம்பைலருக்குள்ளேயே குடியேறினார். அவர் பெயர் சோர்ஸ் ஜெனரேட்டர். (கரண்ட் போனால் மொட்டை மாடியில் உறுமுகிறதே, அது வேறு.) கம்பைலர் உங்கள் நிரலை அவரிடம் காட்டும். யார் யார் தாயத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அவர் பார்ப்பார். தகட்டில் புதிய நிரலை எழுதிச் சுருட்டி நீட்டுவார். பழையதும் புதியதும் ஒன்றாகக் கம்பைல் ஆகும்.

அந்த மந்திரவாதியை எழுதப்போவது நீங்கள். உங்களைவிட ஆபத்தான ஆள் ஆபீஸில் கிடையாது.

1. தேவை இருக்கிறதா என்று பார்க்காதீர்கள்

உங்களிடம் கஸ்டமர், ஆர்டர், இன்வாய்ஸ் என்று மூன்று கிளாஸ். மூன்றிலும் உருவாக்கியவர், உருவாக்கிய நேரம், திருத்தியவர், திருத்திய நேரம் என்று நாலு பிராப்பர்ட்டி. மொத்தம் பன்னிரண்டு வரி. இந்தக் கொடுமையை ஒழிக்க 1,400 வரியில் ஒரு ஜெனரேட்டர் எழுதுங்கள். மூன்று வாரம் ஆகும். ஸ்டாண்டப் கூட்டத்தில் தினமும் "ஃபவுண்டேஷன் ஒர்க் போயிட்டிருக்கு" என்று சொல்லுங்கள்.

"ஒரு பேஸ் கிளாஸ் போதுமே" என்று எவராவது சொன்னால் பரிதாபமாகப் பார்த்துவிட்டு நகருங்கள்.

மைக்ரோசாஃப்ட் இதே உத்தியை எங்கே பயன்படுத்துகிறது என்று மட்டும் எட்டிப் பார்த்துவிடாதீர்கள். ரெஜெக்ஸைக் கம்பைல் நேரத்திலேயே பிரித்து நிரலாக எழுதிவைக்க டாட்நெட் 7-இல் ஜெனரேட்டட்ரெஜெக்ஸ் தந்தார்கள். லாக் எழுதும் நிரலை முன்கூட்டியே தயாரிக்க டாட்நெட் 6-இல் லாகர்மெசேஜ் தந்தார்கள். அங்கெல்லாம் கையால் எழுதினால் முதுகு ஒடியும் அளவுக்கு வேலை இருந்தது. உங்களிடம் பன்னிரண்டு வரி இருக்கிறது. ஒப்பிட்டால் மனம் தளரும்.

2. பெயரில் எதையும் சொல்லாதீர்கள்

ஜெனரேட்டட்ரெஜெக்ஸ் என்றால் ரெஜெக்ஸ் உருவாகும் என்று குழந்தைக்கும் தெரிந்துவிடுகிறது. என்ன பலவீனம்! சி ஷார்ப் தமிழ் எழுத்தில் பெயர் வைத்தாலும் முகம் சுளிக்காது. ஆகவே:

[மாயம்]

அவ்வளவுதான். என்ன செய்யும்? கட்டிப் பாருங்கள், தெரியும்.

ஆறு மாதத்தில் மாயம் நாலு பிராப்பர்ட்டியோடு நிற்காது. கேச் செய்யும், தோற்றால் மூன்று முறை முயலும், லாக் எழுதும், சில கிளாஸ்களில் மட்டும் லாக் எழுதாது. அட்ரிப்யூட்டுக்குள் கண்டதையும் கொடுக்க முடியாது என்பது உண்மைதான். மாறிலி, டைப், எனுமரேஷன், இவற்றின் அரே என்று கைவிட்டு எண்ணும் சங்கதிகள்தான் அனுமதி. எதைக் கொடுத்தாலும் கம்பைலர் சரிபார்த்துத் தொலைக்கும். அதனால் எல்லாவற்றையும் ஒரு சரத்துக்குள் திணியுங்கள்:

[மாயம்("கேச்=30;முயற்சி=3;!லாக்|திருத்தியவர்?")]

சரத்துக்குள் இருப்பதைக் கம்பைலர் பார்க்காது. ஆச்சரியக்குறிக்கு ஓர் அர்த்தம், கேள்விக்குறிக்கு ஓர் அர்த்தம், நெட்டுக்கோட்டுக்கு நேற்று ஓர் அர்த்தம், இன்று இன்னோர் அர்த்தம். வாழ்த்துகள், நீங்கள் ஒரு புதிய கணினி மொழியை உருவாக்கிவிட்டீர்கள். அதற்கு இலக்கணம் கிடையாது, எழுத்துப்பிழை காட்டும் சிவப்புக் கோடு கிடையாது. பேசத் தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்.

3. சேர்க்கத்தான் முடியும் என்றால் அடங்கிவிடாதீர்கள்

சோர்ஸ் ஜெனரேட்டருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: புதிய நிரலைச் சேர்க்கலாம், இருக்கும் வரியில் கை வைக்கக்கூடாது. அதனால்தான் தாயத்துக் கட்டும் கிளாஸ் 'பார்ஷியல்' என்று தன்னை அறிவிக்க வேண்டியிருக்கிறது: என்னில் ஒரு பகுதி இங்கே, மீதி வேறெங்கோ. அந்தச் சொல்லை மறந்தால் கம்பைலர் நேராக அதையே சொல்லிவிடும். கிளாஸுக்குள் கிளாஸ் என்றால் வெளியே இருப்பவரும் பார்ஷியலாக வேண்டும். இதை எங்கும் எழுதிவைக்காதீர்கள். ஒவ்வொருவரும் அரை நாள் செலவழித்துத் தாமே கண்டுபிடிக்கட்டும்.

ஆனால் உங்களுக்குச் சேர்ப்பது மட்டும் போதாது. மாற்ற வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது.

முதல் வழி ஃபோடி, போஸ்ட்ஷார்ப் பரம்பரை. கம்பைலர் டிஎல்எல்-ஐ எழுதி முடித்த பிறகு அதைத் திறந்து, உள்ளிருக்கும் ஐஎல்-ஐத் தைத்து மூடுவது. பிரேதப் பரிசோதனை மாதிரி. என்ன வித்தியாசம் என்றால் இங்கே பிணம் எழுந்து வேலைக்குப் போகும்.

இரண்டாவது வழி இன்டர்செப்டர். 2023-இல் டாட்நெட் 8-உடன் சோதனை வசதியாக வந்தது. இந்த ஃபைலில், இந்த வரியில், இந்த எழுத்தில் நடக்கும் அழைப்பு இனி அந்த மெதடுக்குப் போகாது, என்னிடம் வரும் என்று ஜெனரேட்டர் அறிவிக்கலாம். நிரலைப் படிப்பவர் கண்ணுக்கு 'சேமி' அழைக்கப்படுவதுதான் தெரியும். அவர் 'சேமி'க்குள் பிரேக்பாயின்ட் வைத்துவிட்டு, பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பவர் போலக் காத்திருப்பார்.

ஒரு வழி போதும் என்று நினைக்காதீர்கள். ஒரே புராஜெக்டில் இரண்டையும் போடுங்கள். எது முந்தி நடந்தது என்பது பட்டிமன்றத் தலைப்பாகட்டும்.

4. தட்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் உலகைப் புதிதாகப் படையுங்கள்

ஜெனரேட்டர் பில்ட் செய்யும்போது மட்டும் ஓடும் என்று நினைப்பவர்கள் அப்பாவிகள். விஷுவல் ஸ்டுடியோவில் ஆள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே அது ஓடக்கூடும். 2020-இல் வந்த முதல் வடிவம் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு தடவையும் பிள்ளையார் சுழியிலிருந்து தொடங்கும். பெரிய புராஜெக்டுகள் மூச்சுத் திணறின. அதனால் 2021-இல் டாட்நெட் 6-உடன் இன்கிரிமென்டல் ஜெனரேட்டர் வந்தது: வேலையைப் படிப்படியாகப் பிரித்துக்கொள், ஒரு படியில் கிடைத்தது போன தடவை கிடைத்ததற்குச் சமமாக இருந்தால் அடுத்த படிகளைத் தொடாதே.

'சமமாக இருந்தால்'. அங்கேதான் உங்கள் வாய்ப்பு.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கிளாஸின் பெயர், பிராப்பர்ட்டியின் பெயர் என்று நாலு சரத்தை மட்டும் எடுத்துப் போனால் ஒப்பிடுவது சுலபம். அப்படிச் செய்யாதீர்கள். கம்பைலர் கிளாஸுக்கு வைத்திருக்கும் சிம்பலை முழுசாகத் தூக்கிக்கொண்டு போங்கள். முடிந்தால் கம்பைலேஷனையே தூக்குங்கள். யாரோ எங்கோ ஒரு கமா தட்டினாலும் கம்பைலேஷன் புதிதாகப் பிறக்கும். பழையதும் புதியதும் ஒருபோதும் சமமாகாது. எல்லாம் முதலிலிருந்து ஓடும். கூடவே ஒரு இம்யூட்டபிள்அரேயும் போடுங்கள். பெயரைப் பார்த்தால் உத்தமர் மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு அரேக்குள் ஒரே சரக்கு இருந்தாலும், அவை ஒரே பொருளாக இல்லாவிட்டால் 'சமமில்லை' என்றுதான் சொல்வார்.

தாயத்துக் கட்டிய கிளாஸ்களை மட்டும் சட்டென்று பொறுக்கித் தர ரோஸ்லின் என்னும் சி ஷார்ப் கம்பைலரில் ஃபார்அட்ரிப்யூட்வித்மெட்டாடேட்டாநேம் என்று ஒன்று இருக்கிறது. இவ்வளவு நீளப் பெயரைத் தட்டுவானேன்? எல்லா ஃபைலையும், எல்லாக் கிளாஸையும், ஒவ்வொன்றாக வீடு வீடாகப் போய் விசாரியுங்கள். இதுவும் ஒருவகை மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான்.

பலன் உடனே தெரியும். எழுத்தைத் தட்டினால் திரைக்கு வர ஒரு நொடி ஆகும். லேப்டாப்பை முழங்காலில் வைத்துக்கொண்டால் ஒத்தடம் இலவசம். சக ஊழியர்கள் மெமரி கேட்டு ஐடி பிரிவுக்கு டிக்கெட் போடுவார்கள். சந்தேகம் உங்கள் பக்கம் திரும்பவே திரும்பாது. எல்லோரும் ஆன்டிவைரஸைத்தான் திட்டுவார்கள்.

5. தவறு நடந்தால் வாயைத் திறக்காதீர்கள்

இதுதான் இந்தக் கலையின் இதயம். கொஞ்சம் நின்று பாருங்கள்.

ஒழுங்கான ஜெனரேட்டர், பயனர் ஏதாவது தப்பாகக் கொடுத்தால் ஒரு டயக்னாஸ்டிக் எழுப்பும்: இந்த ஃபைல், இந்த வரி, இந்தச் சொல், தப்பு இது. அந்த இடத்திலேயே சிவப்புக் கோடு விழும். உங்களுடையது அப்படிப் பேசக்கூடாது. எக்ஸெப்ஷனை எறிந்துவிட்டு மண்டையைப் போட வேண்டும். அப்போது கம்பைலர் என்ன செய்யும் தெரியுமா? சிஎஸ் 8785 என்று ஒரு குறிப்பு எழுதும்: இந்த ஜெனரேட்டர் தோற்றுவிட்டது, இதனிடமிருந்து எதுவும் வராது, அதனால் எரர்கள் வரக்கூடும். கவனியுங்கள், அது எரர் அல்ல, வார்னிங். ஏற்கெனவே இருக்கும் முந்நூறு வார்னிங்குகளுக்கு நடுவே மஞ்சள் முக்கோணம் மாட்டிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கும். அதற்கு மேலே, காணாமல்போன பிராப்பர்ட்டிகளுக்காக எரர்கள் சிவப்புச் சிவப்பாகப் படையெடுக்கும்.

நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். என் ஜெனரேட்டர், தான் எழுதும் ஒவ்வொரு ஃபைலுக்கும் கிளாஸின் பெயரையே வைத்தது. நேம்ஸ்பேஸை எதற்குச் சேர்ப்பது என்று விட்டுவிட்டேன். நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ரிப்போர்ட் பகுதியில் இன்னொரு 'ஆர்டர்' கிளாஸ் எழுதி, அதற்கும் பக்தியோடு மாயம் கட்டினான். ஒரே பெயரில் இரண்டு ஃபைலை ஜெனரேட்டர் கொடுக்கக்கூடாது. ஆர்க்யூமென்ட்எக்ஸெப்ஷன். மந்திரவாதி சரிந்தார். சரிந்தவர் அந்த ஒரு தகட்டை மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை. புராஜெக்டில் கட்டியிருந்த அத்தனை தாயத்திலிருந்தும் தகட்டை உருவிக்கொண்டு போனார்.

"அண்ணா, நான் ஒரு கிளாஸ்தான் சேர்த்தேன். கஸ்டமர், இன்வாய்ஸ் எல்லாத்துலயும் எரர் காட்டுது. அதையெல்லாம் நான் தொடவே இல்லண்ணா."

அவன் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. வார்னிங் தாவலை மூடி வைத்திருந்தான். நாங்கள் எல்லோருமே அப்படித்தான். நான் திரையைப் பார்த்தேன், தாடையைத் தடவினேன், அனுபவஸ்தன் குரலில் சொன்னேன்: "விஷுவல் ஸ்டுடியோவை மூடித் திற."

இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பழைய ஜெனரேட்டரின் டிஎல்எல்-ஐ விஷுவல் ஸ்டுடியோ பல ஆண்டுகளாக உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஜெனரேட்டரில் ஒரு வரி மாற்றினாலும் மூடித் திறந்தால்தான் புதியது ஓடியது. பாதி நேரம் இந்த வைத்தியம் உண்மையாகவே பலித்தது. அதனால் மீதிப் பாதியில் யாரும் உங்களைச் சந்தேகிக்க மாட்டார்கள். தம்பி மூன்று முறை மூடித் திறந்துவிட்டுக் கடைசி பஸ்ஸை விட்டான்.

6. உங்கள் மெஷினில் ஓடினால் உலகம் முழுக்க ஓடும் என்று நம்புங்கள்

தோற்றால் 1.5 நொடி பொறுத்து மறுபடி முயல வேண்டும். தகட்டில் எழுத வேண்டிய வரி: தாமதி(1.5). அந்த எண்ணை அப்படியே சரத்தில் ஒட்டுங்கள். கல்ச்சர் எது என்று சொல்லாதீர்கள். இங்கே கச்சிதமாக இருக்கும்.

ஜெர்மனியில் இருக்கும் சக ஊழியரின் விண்டோஸ், தசமப் புள்ளிக்குக் கமா போடும். அவர் மெஷினில் உங்கள் மந்திரவாதி எழுதுவது தாமதி(1,5). ஒன்று, ஐந்து என இரண்டு ஆர்க்யூமென்ட். அப்படி ஒரு மெதட் இல்லையென்றால் எரர் வந்து காரியம் கெட்டுவிடும். ஆகவே நிமிடம், நொடி என்று இரண்டு இன்டிஜர் வாங்கும் இன்னொரு 'தாமதி'யும் எழுதி வையுங்கள். ஒன்றரை நொடி ஒரு நிமிடம் ஐந்து நொடியாகும். எரரும் இல்லை, வார்னிங்கும் இல்லை. ஜெர்மானியர்களின் பொறுமையை நீங்கள் நேரில் காணலாம்.

துருக்கியிலும் கிளை இருந்தால் பெயர்களை டுலோயரில் போடுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஐ' அங்கே சிறியதானால் தலையில் புள்ளி இருக்காது. கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும் இரண்டு பிராப்பர்ட்டி, கம்பைலருக்கு இரண்டு வேறு ஜென்மம்.

தகட்டின் உச்சியில், அது எழுதப்பட்ட தேதியையும் நேரத்தையும் விநாடி சுத்தமாகப் பொறியுங்கள். ஜாதகம் கணிக்க உதவும். ஒரே நிரலிலிருந்து எப்போது கம்பைல் செய்தாலும் ஒரே டிஎல்எல் வரவேண்டும் என்று ரோஸ்லின் ஆட்கள் எடுத்துக்கொண்ட சிரத்தையெல்லாம் அதோடு காலி.

7. தாயத்துக்கு மேல் தாயத்து

ஒரு ஜெனரேட்டர் எழுதியதை இன்னொரு ஜெனரேட்டர் பார்க்காது. எல்லா மந்திரவாதிகளும் நீங்கள் கையால் எழுதியதை மட்டுமே பார்த்துத் தகடு எழுதுவார்கள். இப்போது கஸ்டமர் கிளாஸை ஜேசனாக மாற்ற சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசனின் ஜெனரேட்டரையும் போடுங்கள். மாயம் எழுதிய நாலு பிராப்பர்ட்டி அதன் கண்ணில் படாது. ஜேசனில் அவை வராது. பழைய ரிஃப்ளெக்‌ஷன் வழியில் ஓடும் டெஸ்டில் நாலும் ஜம்மென்று வரும், ஏனென்றால் நிரல் ஓடும் நேரத்தில் எல்லாம் சேர்ந்திருக்கும். டெஸ்ட் பாஸ், புரொடக்‌ஷனில் பூஜ்யம்.

2024-இல் வந்த சி ஷார்ப் 13-இல் பிராப்பர்ட்டியும் பார்ஷியலாக இருக்கலாம். அறிவிப்பை நீங்கள் கையால் எழுதிவிட்டு, உடம்பை மட்டும் ஜெனரேட்டரிடம் விட்டால் மற்ற ஜெனரேட்டர்களுக்கும் அது தெரியும். ஆனால் அதற்கு நாலு வரி கையால் எழுத வேண்டும். இதைத் தவிர்க்கத்தானே இத்தனை பாடு?

8. தகட்டைப் பிரிக்க விடாதீர்கள்

பிரித்தால் பலிக்காது என்று எல்லாத் தாயத்துக்கும் சொல்வதுதான். ஜெனரேட்டர் எழுதும் ஃபைல்கள் வழக்கமாக டிஸ்க்கில் விழுவதில்லை. எமிட்கம்பைலர்ஜெனரேட்டட்ஃபைல்ஸ் என்ற ஒற்றை வரியைப் புராஜெக்டில் சேர்த்தால் ஓபிஜே ஃபோல்டரில் வந்து குவியும். அந்தப் பெயரை யார் காதிலும் போடாதீர்கள்.

அப்படியும் யாராவது பிரித்தால்? முதல் வரியில் 'ஆட்டோ ஜெனரேட்டட்' என்று ஒரு குறிப்பு. பெரும்பாலான அனலைசர்கள் மரியாதையாக ஒதுங்கிப்போகும். இரண்டாவது வரியில் மீதி அத்தனையும். ஆமாம், ஒரே வரியில். புரொடக்‌ஷனில் எது வெடித்தாலும் ஸ்டாக் ட்ரேஸ் சொல்லும்: வரி 2. நேற்றும் வரி 2, நாளையும் வரி 2.

9. கே.டி. கொடுங்கள்

வேறு இடத்தில் ஆஃபர் வந்துவிட்டது. நோட்டீஸ் காலத்தில் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் கேட்பார்கள். ஐடி வட்டாரத்தில் அதற்குக் கே.டி. என்று பெயர் வைத்தவர் நிச்சயம் தமிழராகத்தான் இருக்க வேண்டும். ஒரே ஒரு ஸ்லைடு போதும்: இடப்பக்கம் ஒரு பெட்டி, வலப்பக்கம் ஒரு பெட்டி, நடுவில் அம்புக்குறி, அதன் மேல் 'மாயம்'. கேள்வி நேரம் ஐந்து நிமிடம். நாலு நிமிடம் மைக் ம்யூட்டில் இருக்கட்டும்.

ஆறு வாரம் கழித்து அந்தத் தம்பி கூப்பிடுவான். இப்போது அவன் வார்னிங் தாவலைத் திறந்தே வைத்திருப்பவன். குரலில் அழுகை இருக்காது.

"அண்ணா, ஓபிஜே ஃபோல்டர்ல அந்த ஃபைலையெல்லாம் எடுத்துட்டேன். ஃபார்மேட் பண்ணிப் பார்த்தேன். உள்ள உருவாக்கியவர், உருவாக்கிய நேரம், திருத்தியவர், திருத்திய நேரம்னு உருப்படியா நாலு வரிதாண்ணா இருக்கு. எல்லாக் கிளாஸுக்கும் அதேதான். நானே டைப் பண்ணிட்டு ஜெனரேட்டரைத் தூக்கிடட்டுமா?"

தாடையைத் தடவுங்கள். கொஞ்சம் யோசிப்பது போல இடைவெளி விடுங்கள்.

"மூடித் திறந்து பாத்தியா?"